காகிதத்தை மட்டும் சுடலாம்

ஒரு விஷயம் சொல்வேன், சிரிக்கக் கூடாது. நான் துப்பாக்கி வாங்கியிருக்கிறேன்.

பயப்படாதீர்கள்... ஏர் ரைஃபிள்தான். மருந்து, நெருப்பு எதுவும் கிடையாது. உள்ளே தடியாக ஒரு ஸ்பிரிங். குழலை நடுவில் மடக்கினால் ஸ்பிரிங் இறுகிக்கொள்ளும். விசையை இழுத்தால் அது விரிந்து காற்றைத் தள்ளும், காற்று ஒரு குட்டி ஈயக் குண்டைத் தள்ளும். அவ்வளவுதான் சங்கதி.

சில வாரங்களுக்கு முன் பார்சல் வந்து இறங்கியது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குத் தெரியும் – இந்த வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் எதிர் வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். அந்தத் தெருவில், இடுப்பு உயரத்துக்கு ஒரு நீளப் பெட்டி!

எதிர் வீட்டு கோமளா தறியை விட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

"இன்னாக்கா அது, ஸ்கிரீன் மாட்ற கம்பியா?"

"துப்பாக்கிம்மா."

"சும்மா சொல்லாதக்கா. கம்பிதான?"

பிரித்துக் காட்டினேன். கோமளா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷமே கையை எடுத்துவிட்டு, "அக்கா... நம்ம மொட்டமாடிக்கு தினம் கொரங்கு வருதில்ல..." என்று ஆரம்பித்தாள்.

அங்கேயே முடித்துவிட்டேன். குரங்கு இல்லை, காக்கா இல்லை, எலி கூட இல்லை. காகிதத்தில் வட்டம் போட்டு அதைச் சுடுவேன். வேறு எதையும் சுட மாட்டேன்.

"காயிதத்தயா?" கோமளா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்கா இத வாங்கின?"

நியாயமான கேள்வி. ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்திக்கு ஏன் இந்த வேலை?

காலேஜில் நான் என்.சி.சி.யில் இருந்தேன். நன்றாகச் சுடுவேன். ஒரு கேம்ப்பில் கப் கூட வாங்கினேன். அம்மா அதில் ரொம்ப நாள் சீயக்காய்த் தூள் போட்டு வைத்திருந்தாள். அப்புறம் கல்யாணம், வேலை, மகள்... வழக்கமான வரிசை. இப்போது மகள் புனேயில். சாயங்காலங்கள் திடீரென்று ரொம்ப நீளமாகிவிட்டன. "எதையாவது கத்துக்கோயேன்" என்றார் என் கணவர் சேகர். அவர் வீணையை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

வாங்கியாயிற்று. சுடுவது எங்கே?

இங்கே ஒரு சின்ன விளக்கம். புதுத் துப்பாக்கி வாங்கியதும் நேராகச் சுட்டுவிட முடியாது. மேலே ஒரு ஸ்கோப் மாட்டியிருக்கும். அதில் பார்த்தால் கூட்டல் குறி மாதிரி ஒரு கோடு தெரியும். அந்தக் குறியும் குண்டு போய்ச் சேரும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்காது! ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பி மாதிரி, இது ஒரு பக்கம் பார்க்கும், அது ஒரு பக்கம் போகும். சுட்டுச் சுட்டுப் பார்த்து, ஸ்கோப்பின் திருகுகளைத் திருகித் திருகி, இரண்டையும் பேச வைக்க வேண்டும்.

அதற்கு ஆளில்லாத வெட்டவெளி வேண்டும். பின்னால் நல்ல மண்மேடு வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சுற்றிலும் காய்கிற வடாமும் நூலும் மனிதத் தலைகளும்தான்.

"ஸ்ரீபால் நிலம் இருக்கே" என்றார் சேகர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஸ்ரீபால் அண்ணன் என் கணவரின் பள்ளிக்கூட சிநேகிதர். டவுனில் பாத்திரக் கடை, மாகறல் பக்கம் நிலம். சமணர். பேருக்குச் சமணர் இல்லை... இருட்டிய பிறகு ஒரு வாய் சாப்பிட மாட்டார். பட்டுப்பூச்சியைக் கொன்று எடுக்கிற நூல் என்பதால், காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தும் ஒரு பட்டு வேட்டி கட்டியதில்லை. எங்கள் கல்யாணத்துக்கே கதர் வேட்டியில்தான் வந்தார். அந்த மனிதரிடம் போய், "உங்க நிலத்துல துப்பாக்கி சுடலாமா?" என்று கேட்பதா?

சேகர் கேட்டுவிட்டார். போனில், ஸ்பீக்கரில்.

"துப்பாக்கியா?"

"ஏர் கன்தான்டா. காகிதத்துலதான் சுடுவா."



"தங்கச்சிகிட்ட போனக் குடு."

வாங்கினேன். "அண்ணா..."

"காகிதம் மட்டும்தானமா?"

"காகிதம் மட்டும்தாண்ணா."

"பறவ, ஓணான், தவள... எதுவும் கூடாது. மரத்து மேல கூட படக் கூடாது."

"சத்தியமாண்ணா."

"சத்தியம்லாம் வேணாம்மா. நீ சொன்னா போதும். ஞாயித்துக்கிழம காலைல வாங்க."

சத்தியம் வாங்கியிருந்தால் கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அறுவடை முடிந்து கட்டாந்தரையாகக் கிடந்த நிலம். ஒரு ஓரத்தில் மோட்டார் ஷெட். எதிர்க்கோடியில் ஆள் உயரத்துக்கு மண்மேடு. ஸ்ரீபால் அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே வந்து, குச்சியால் மண்மேட்டைத் தட்டித் தட்டி, உள்ளே ஏதாவது குடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குண்டைப் பிடித்து நிறுத்த, ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் பழைய துணிகளை அடைத்து அதன் முகத்தில் காகிதத்தை ஒட்டுவது என் திட்டம். துணி மூட்டையைப் பிரித்து அடைக்க அவரும் உதவினார். நடுவில் என் பழைய பட்டுப் புடவைக் கிழிசல் ஒன்று வந்தது. அதை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார்.

பெட்டியை மண்மேட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு, மோட்டார் ஷெட் நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். எல்லோர் கண்ணுக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி. குழலை மடக்கினேன் – அப்பா! தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. குண்டைப் போட்டு, மூடி, காலேஜில் சொல்லிக்கொடுத்த மாதிரியே தோளில் இறுக்கி, கன்னத்தை அழுத்தி, மூச்சைப் பிடித்து...

டொய்ங்!

துப்பாக்கி பின்னால் ஒரு உதை, முன்னால் ஒரு உதை விட்டது. முனையில் லேசாகப் புகை. எண்ணெய் கருகிய வாசனை. புதுசில் அப்படித்தான் இருக்குமாம்.

"எங்க பட்டுச்சு?"

சேகர் பைனாகுலரில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெட்டில பட்டிருக்கு."

"காகிதத்துல?"

"பெட்டில பட்டிருக்கு" என்றார் மறுபடியும், மிகுந்த மரியாதையோடு.

என் கணவர் கணக்கு வாத்தியார். திருகுகளைத் திருகுகிற பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு தூரம் நகரும், இத்தனை மீட்டருக்கு எத்தனை க்ளிக்... செருப்பால் மண்ணிலேயே கணக்குப் போட்டார். திருகின் மேல் அம்புக்குறி போட்டு 'ரைட்' என்று எழுதியிருந்தது. குண்டு ரைட்டில் போகுமா, கூட்டல் குறி ரைட்டில் போகுமா? இதில் எங்களுக்குள் ஒரு சின்ன விவாதம். சின்ன விவாதம் என்றால், ஸ்ரீபால் அண்ணன் எழுந்து மோர் எடுத்து வரப் போகிற அளவுக்கு.

சுட்டேன். மேலே போனது. திருகினார். சுட்டேன். இடது பக்கம். திருகினார். வலது பக்கம் கீழே. ஒவ்வொரு முறையும் நான் துப்பாக்கியை மடக்கியபடியே மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வேன். அவர் பெட்டி வரைக்கும் நடந்து போய்ப் பார்த்து, யோசித்து, திரும்பி வருவார். போய்ப் போய் வந்து ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. காகிதம் அம்மை போட்ட முகம் மாதிரி ஆனதுதான் மிச்சம்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு பறவை. நாங்கள் வந்ததிலிருந்தே தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. ஆள்காட்டி. ஆள் வந்தாலே கத்துகிற பறவைதானே, கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

குண்டு போட்டு மூடி, ஸ்கோப்பில் கண் வைத்தேன். காகிதம் தெரியவில்லை! பார்த்தால், அந்த ஆள்காட்டி பெட்டிக்கு நேர் முன்னால் வந்து இறங்கியிருக்கிறது. இரண்டு சிறகையும் விரித்துத் தரையில் அடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து... நிஜமாகவே என்னைப் பார்த்துத்தான், ஸ்கோப்பில் அதன் சிவப்புக் கண் தெரிந்தது... கத்துகிறது.

"சுடாத! சுடாதம்மா!"

ஸ்ரீபால் அண்ணன் குரல் அப்படி எழும்பி நான் கேட்டதே இல்லை. விரலை எப்போதோ எடுத்துவிட்டேன். குழலை மண் பக்கம் தாழ்த்தினேன்.

"அது சும்மா கத்தலடா சேகரு. முட்ட இருக்குது. இங்கதான் எங்கயோ இருக்குது."

அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு ஒரு சிக்கல். ஸ்பிரிங் துப்பாக்கியில் ஸ்பிரிங்கை ஏற்றிக் குண்டையும் போட்டுவிட்டால், அப்படியே வைத்திருக்கக் கூடாது. எங்கேயாவது சுட்டு இறக்கிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த வழி.

"அண்ணா, இத எங்கயாவது சுட்டுடணும். இந்தத் தரைல...?"

"எறும்பு போவுது பாரு."

"அந்தப் பக்கம் வரப்புல?"

"நண்டு வளையிருக்கும்மா."

உயிரில்லாத ஒரு கைப்பிடி இடம் இந்த உலகத்தில் எங்கே இருக்கிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? கடைசியில் அவரே மிச்சத் துணி மூட்டையை இழுத்து வந்து, இந்தப் பக்க வரப்பில் சாய்த்து, உதறிப் பார்த்து, "இதுல" என்றார். எல்லோரையும் பின்னால் நிற்க வைத்து, மூட்டையில் சுட்டேன்.

அன்றைக்கு நான் சுட்டதிலேயே குறி தப்பாமல் பட்டது அதுதான். பட்டது சேகரின் கட்டம் போட்ட சட்டையில். அவருக்கு ரொம்பப் பிடித்த சட்டை... பழைய துணியில் எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பிறகு, மூன்று பேரும் தேடினோம். ஸ்ரீபால் அண்ணன் எங்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பார்த்துவிட்டு, காலை எடுத்து வைத்தோம்.

சேகர்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

கூடு கீடு ஒன்றும் கிடையாது. வெறும் தரையில் சின்னதாக ஒரு பள்ளம், சுற்றிலும் நாலு சரளைக் கல். நடுவில், மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட நாலு முட்டைகள். அவர் போய்ப் போய் வந்த ஒற்றையடிப் பாதையின் விளிம்பில். முட்டைக்குப் பக்கத்திலேயே செருப்புத் தடம் ஒன்று. விரல் வைக்க இடம் இருந்தது, அவ்வளவுதான்.

காலையிலிருந்து எத்தனை முறை போய் வந்தார்! துப்பாக்கியால் எதையும் கொல்லக் கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தோம். செருப்பைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

சத்தம் போடாமல் பின்வாங்கி ஷெட்டுக்கு வந்தோம். கொஞ்ச நேரத்தில் ஆள்காட்டி கத்துவதை நிறுத்தியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் ஓடி வந்து, ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்த மாதிரி நடித்துவிட்டு, மெல்ல முட்டை மேல் உட்கார்ந்தது.

"எங்கப்பா இருந்தப்போ" என்றார் ஸ்ரீபால் அண்ணன், அதையே பார்த்துக்கொண்டு, "கௌதாரி சுடறதுக்கு டவுன்லேர்ந்து ஜீப்ல வருவாங்க. அப்பா வரப்புல போய் நின்னுக்குவாரு. 'மொதல்ல என்னச் சுட்டுட்டு அப்புறம் உள்ள போங்கோ'ம்பாரு. ஒருத்தன் ஏறினதில்ல. அந்த எடத்துல இன்னைக்கு நானே கூப்ட்டு வெச்சிக்கினு..."

முடிக்கவில்லை. சிநேகிதனுக்காக எதை விட்டுக்கொடுத்து எங்களை வரச் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"போதும்ணா. நாங்க கிளம்பறோம்." துப்பாக்கியை உறையில் வைக்கப் போனேன்.

அவர் மோரைக் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எழுந்து, "வந்த வேல முடியலயேம்மா" என்றார். "ஷெட்டுக்கு அந்தாண்ட பக்கம் பழைய செங்கல் செவுரு ஒன்னு இருக்குது. நான் போய்ப் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் யாரும் வராதீங்க."

அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு வந்தார். பெட்டியைச் சுவர் ஓரம் மாற்றினோம். புதுக் காகிதம். நானும் புதுத் தெம்போடு உட்கார்ந்து, இன்னும் இறுக்கிப் பிடித்து, இன்னும் பல்லைக் கடித்து...

மேலே. கீழே. இடது. வலது. ஒரு குண்டு போன இடத்துக்கு அடுத்த குண்டு போகவே மாட்டேன் என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலேஜில் கப் வாங்கியவளா நான்? வயசாகிவிட்டது. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், ஸ்ரீபால் அண்ணன் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"டேய் சேகரு... காகிதத்துக்கு உயிர் இல்லல்ல?"

"இல்லடா."

"ஒன்னே ஒன்னு. எப்படித்தான் இருக்குதுன்னு..."

நானும் என் கணவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம். நானே ஸ்பிரிங்கை ஏற்றி, குண்டைப் போட்டு, எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

அவர் அதைப் பிடித்த விதம் இருக்கிறதே! தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தவர் மாதிரி. இடது உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரித்து, அதன் மேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்தினார். தோளில் லேசாக ஒட்டியது, அவ்வளவுதான். விசையை மயிலிறகால் தடவுவது போல...

டொய்ங்!

சேகர் பைனாகுலரை எடுத்தார். இறக்கினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நடு வட்டத்த ஒட்டிடா."

"தற்செயலா பட்டிருக்கும்" என்றார் அண்ணன். ஆனால் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. இன்னொன்று கேட்டார். அது முதல் ஓட்டையைக் கடித்துக்கொண்டு போனது. மூன்றாவதும் அங்கேயேதான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலேஜில் நான் சுட்டது வேறு ஜாதித் துப்பாக்கி, அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இது ஸ்பிரிங். குண்டு குழலை விட்டுப் போவதற்குள் இதற்குள்ளே ஒரு குதி குதிக்கிறது. இறுக்கிப் பிடித்தால் அந்தக் குதிப்பு நம் கையில் முட்டி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் திரும்பிக்கொள்கிறது. குதித்துக்கொள் என்று விட்டுவிட்டால் எப்போதும் ஒரே மாதிரி குதித்து, ஒரே இடத்துக்குப் போகிறது. திருகில் குற்றமில்லை, சேகரின் கணக்கில் குற்றமில்லை. என் பிடிதான்!

உட்கார்ந்தேன். உள்ளங்கையை விரித்தேன். பல்லைக் கடிக்கவில்லை. ஐந்து குண்டு. ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. நடுவிலிருந்து கொஞ்சம் விலகித்தான்... ஆனால் எல்லாம் ஒரே இடத்தில். இப்போது சேகரின் கணக்குக்கு வேலை வந்தது. சில க்ளிக் திருகினார். அடுத்த குண்டு நட்ட நடுவில்.

நான் கத்திய கத்தலில் அந்தப் பக்கம் ஆள்காட்டியும் ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது.

காரில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அழுத்திப் பிடிப்பதுதான் அக்கறை என்று எத்தனை விஷயத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? புனேயில் இருக்கிறவளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை போன் போடுகிறேன்... "சாப்ட்டியா, கதவ பூட்டினியா, அந்த ஃப்ரெண்டு யாரு?" அப்புறம், இவள் ஏன் இப்படி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கம் எகிறுகிறாள் என்று புலம்பல் வேறு. அன்றைக்கு ராத்திரி நான் போன் செய்யவில்லை. "என்னாச்சும்மா? உடம்பு சரியில்லையா?" என்று அவளே கூப்பிட்டாள். நிறைய நேரம் பேசினாள். அந்த ஃப்ரெண்டின் பேர் கூடச் சொன்னாள்!

போன வாரம் ஸ்ரீபால் அண்ணன் போன் செய்தார். முட்டை பொரித்துவிட்டதாம். நாலும் பிழைத்துக்கொண்டதாம். "காலு மொளச்ச பஞ்சு மாதிரி ஓடுதும்மா!" என்றார். அதற்காகவே அந்தத் துண்டில் உழவைத் தள்ளிப் போட்டிருந்தாராம்.

"ரொம்ப சந்தோஷம்ணா" என்றேன்.

"சரிம்மா..." பின்னால் அண்ணி நடமாடுகிற சத்தம் கேட்டது. அது தள்ளிப் போகும் வரை காத்திருந்தவர், குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"இந்த ஞாயித்துக்கிழம வர்றீங்களா? காகிதம் நானே வாங்கி வெச்சிருக்கறேன்."